திங்கட்கிழமைச் சிவப்பு

ஸ்டான்லிக்கு வைரஸ் திங்கட்கிழமைகளில் மட்டும்தான் வந்தது. செவ்வாய் முதல் சனி வரை அவன் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அதே மிஷின் பச்சை விளக்கைப் போட்டு நற்சான்று கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கும் லீவு, வைரஸுக்கும் லீவு.

ஸ்ரீசிட்டியில் செல்போன் சார்ஜர் செய்யும் ஒரு கம்பெனியில் அவன் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தான். வாரநாட்களில் பக்கத்து ஊரான தடாவில் ரூம் எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மாலை சித்தூர் வீட்டுக்கு வருவான். கேட்டை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் இரண்டு வாரத்துக்கு முன்பு கொண்டுவந்து வைத்த ஒரு பெட்டி. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, நகத்தளவு கண்ணாடித் துண்டில் தடவிப் பெட்டிக்குள் வைத்தால் நாற்பது விநாடியில் விளக்கு எரியும். பச்சை என்றால் உள்ளே போகலாம். சிவப்பு என்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று சிவப்பு வாங்கிய பயிற்சிக்காரனின் பெயரை அடித்துவிடுவார்கள். ஸ்டான்லி இரண்டு வாங்கியாயிற்று. வருகிற திங்கட்கிழமையோடு பயிற்சி முடிகிறது. அன்று மாலை ஐந்து மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் நிரந்தர வேலைக்கான கடிதம். பிறகு வந்து கேட்டால் யார் நீ என்பார்கள்.

அந்தப் பெட்டியைச் செய்த ஆய்வுக்கூடத்தில்தான் ஸ்டான்லியின் அக்கா கேசியா வேலை பார்த்தாள். சித்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்து, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் இரண்டாவது மாடியில் வெள்ளி வளர்ப்பது அவள் உத்தியோகம். வெள்ளியை வெற்றிடத்தில் ஆவியாக்கிக் கண்ணாடியின்மேல் சாய்வாகப் படியவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கம்பிகள் கோரைப்புல் மாதிரி முளைக்கும். அதன்மேல் ஒரு சொட்டு எச்சில், அதன்மேல் லேசர் ஒளி. வெள்ளியோடு ஒட்டிக்கொண்ட பொருள் எதுவோ, அது சிதறுகிற ஒளி பல லட்சம் மடங்கு பெருகித் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடாக எழும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு கோடு, கைரேகை மாதிரி. வைரஸின் கைரேகை தெரிந்தால் சிவப்பு. கம்பெனி கேட்டில் எரியும் ஒவ்வொரு விளக்கும் கேசியாவின் கம்ப்யூட்டரிலும் பதிவாகும். தம்பி வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவது தம்பிக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஆங்கிலத்தில் பதினொரு சொற்களில் ஒரு பெயர் இருந்தது. ஆட்கள் மூன்று பேர். கேசியா, அட்டெண்டர் முனிகிருஷ்ணன், இயக்குநர் டாக்டர் கோவர்த்தனன். பெயர்ப்பலகையில் இயக்குநரின் பட்டங்களுக்கே மூன்று வரி போய்விட்டதால் மற்ற இருவருக்கும் இடமில்லை. கொரோனா காலத்தில் அவர் எழுதிப் போட்ட திட்டம் அது. அனுமதி வந்து சேர்வதற்குள் கொரோனா ஊரைவிட்டே போய்விட்டது. அவர் மனம் தளரவில்லை. லேசரைக் குளிர்கால ஃப்ளூ ஜுரத்தின் பக்கம் திருப்பினார். ஜுரக்காரர்கள் நூற்றிருபது பேர், ஜுரமில்லாதவர்கள் நூற்றிருபது பேர் என எச்சில் எடுக்க வைத்து மிஷினைப் பழக்கினார். ஜுரக்காரர்களில் நூற்றுப் பதினெட்டுப் பேரை மிஷின் சரியாகப் பிடித்தது. இரண்டே பேரைத்தான் விட்டது. தொண்ணூற்றெட்டு சதவீதம். வைரஸின் கோட்டில் ஏழு சிகரங்கள் இருந்தன. உண்மையில் ஒன்பது இருந்தன. ஏழுமலையான் ஊரில் ஏழுதான் பொருந்தும் என்று இரண்டைக் குப்பை என ஒதுக்கிவிட்டு, மேடைக்கு மேடை அந்த ஏழைச் சொல்லி அவர் கைகூப்பினார்.

தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று கேட்டபோதே கேசியாவுக்கு அது சரியாகப் படவில்லை. இந்தப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரே தொண்ணூற்றெட்டு சதவீதம் சரியாக வருவதில்லை.

ஸ்டான்லிக்கு இரண்டாவது சிவப்பு விழுந்ததும் வீட்டில் ஆளுக்கு ஒரு சந்தேகம் கிளம்பியது. அப்பா சாந்தகுமார், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மகனைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்.

"தடாவுல ரூம்ல யார் யார் இருக்கீங்க?"

"நாலு பேரு நைனா."

"குடிக்கிறீங்களா?"

"குடிச்சா வைரஸ் செத்துல்ல போவும்."

கேசியாவின் சந்தேகம் வேறு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து ஒரு மணி நேரம் இவன் எங்கே போகிறான், யாரோடு நின்று பேசுகிறான் என்று நினைத்துப் பார்த்தாள். கம்பெனிக்காரர்களுக்குச் சித்தூரின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. திங்கட்கிழமை சித்தூரிலிருந்து வருகிறவனைக் கூண்டுக்காரன் மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னான். இயக்குநருக்கு மட்டும் சந்தேகம் இல்லை, சந்தோஷம்தான். "ஞாயித்துக்கெழம சபைக் கூட்டம், திங்கக்கெழம பாசிட்டிவ். இதுக்குப் பேருதான் கிளஸ்டர், கேசியா. நாலு பேரு சர்ச்சுக்குப் போய் எச்சில் எடுத்தா ஒரு பேப்பர் கேரண்டி," என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம், இயக்குநர் ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருந்த நேரத்தில், கேசியா பழைய கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு முனிகிருஷ்ணனைக் கூப்பிட்டாள். அவர்தான் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் ஜுர வார்டில் உட்கார்ந்து நூற்றிருபது பேரிடமும் எச்சில் எடுத்தவர்.

"அண்ணே, பாசிட்டிவ் சாம்பிள் எல்லாம் எப்படி எடுத்தீங்க?"

முனிகிருஷ்ணன் நாற்காலியில் உட்காரவில்லை. "யாரு கேக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நான்தான் கேக்கறேன்."

"ஆடிட்டா?"

"இல்லண்ணே."

"இருந்தா சொல்லிடு. எல்லாத்துக்கும் நர்ஸு ஞானசௌந்தரி கையெழுத்து இருக்குது. ஒரே ஆளு எச்சில ரெண்டு டியூப்ல ஊத்துற வேலையெல்லாம் நம்ம கிட்ட கெடையாது."

"அத நான் கேக்கல. எப்படி எடுத்தீங்க?"

"வாயத் தொறக்கச் சொல்லித்தான். காதுலயா எடுப்பாங்க?"

"நெகட்டிவ்?"

"அது நம்ம ஹாஸ்டல் பசங்க. வரிசையா நின்னானுங்க, தொடச்சி எடுத்துகினு வந்துட்டேன். கல்லு மாதிரி நின்னானுங்க. ஜுரக்காரன் அப்படியா? வாயில குச்சி வச்சதும் குடலே வெளிய வந்துரும் அவனுக்கு. மொத ரெண்டு பேரு என் சட்ட மேலயே எடுத்துட்டாங்க." அவர் குரலில் இப்போது கொஞ்சம் பெருமை ஏறியது. "அப்பறம்தான் ஒரு யோசன பண்ணேன். ஆளுக்கு ஒரு லவங்கம். ரெண்டு நிமிஷம் கடிச்சிக்கினு இரு, அப்பறம் வாயக் காட்டுன்னேன். அதோட சரி. அத்தினி பேருல ஒருத்தன் ஓக்காளிக்கலியே. அந்த நர்ஸம்மாவே கேட்டாங்க, இன்னா சார் மந்திரம் போட்டீங்கன்னு."

கேசியா திறந்திருந்த கோப்பை மூடிவைத்தாள்.

"அந்த மொத ரெண்டு பேருக்கு லவங்கம் குடுக்கலியா?"

"அவங்க எடுத்தப்பறம்தானே யோசன வந்திச்சு."

"அவங்க நம்பர் என்ன?"

"மொதல்ல எடுத்தது ஒண்ணும் ரெண்டும்தானே. எம்.எஸ்ஸி படிச்சிட்டு இதக் கேக்குறியே."

மிஷின் தவறவிட்ட இரண்டு பேர் யார் என்று பார்க்க அவள் கோப்பைத் திறக்கவே தேவையில்லை. இருந்தாலும் திறந்தாள். ஒன்று, இரண்டு.

புதிதாக வளர்த்த துண்டு ஒன்றை எடுத்துத் தன் எச்சிலைத் தடவி வைத்தாள். பச்சை. முனிகிருஷ்ணனின் மேசை டிராயரில் மிச்சமிருந்த டப்பாவிலிருந்து ஒரு லவங்கத்தை எடுத்து இரண்டு நிமிடம் கடவாயில் அடக்கிவிட்டு மறுபடியும் வைத்தாள். சிவப்பு. ஏழு சிகரமும் வந்து நின்றன. டீ போடும் கெட்டிலில் இரண்டு லவங்கத்தைக் கொதிக்கவிட்டு, மனிதர் யாருடைய எச்சிலும் படாத அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு வைத்தாள். இதுவரை எந்த ஜுரக்காரனுக்கும் வராத அழகோடு ஏழும் எழுந்தன. குப்பை என்று ஒதுக்கிய இரண்டும்கூட வந்து, மொத்தம் ஒன்பது.

ஸ்டான்லிக்குச் சின்ன வயதிலிருந்தே பஸ் ஆகாது. தடாவில் இருக்கிற நாட்களில் கம்பெனி வேனில் பதினைந்து நிமிடம், அதை எப்படியோ தாங்கிவிடுவான். திங்கட்கிழமை விடியற்காலை சித்தூரில் பஸ் ஏறி, திருப்பதியில் மாறி, வரதய்யபாளையம் வழியாகப் போய்ச் சேர நாலு மணி நேரம். பஸ் ஸ்டாண்டில் சாந்தகுமார் அவன் உள்ளங்கையில் ஆறேழு லவங்கத்தை வைத்து அனுப்புவார். கம்பெனி கேட் வரை ஒன்று அவன் வாயில் இருந்துகொண்டே இருக்கும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். செருப்புப் போடுவது மாதிரி, யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

சனிக்கிழமை காலை மூன்று கோட்டுப் படங்களையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். மேசையில் முந்தின நாள் பொன்னாடை மடிக்காமல் கிடந்தது.

"சார், நம்ம மிஷின் புடிக்கறது வைரஸ் இல்ல. லவங்கம்."

கோவர்த்தனன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "யாரு சொல்லிக் குடுத்தாங்க? கெமிஸ்ட்ரிக்காரங்களா?"

"யாரும் இல்ல சார். முனிகிருஷ்ணன் அண்ணன் ஜுரக்காரங்களுக்கு மட்டும் லவங்கம் குடுத்திருக்கார், வாந்தி வராம இருக்க. நெகட்டிவ் பசங்களுக்குக் குடுக்கல. மிஷின் அந்த வித்தியாசத்தத்தான் கத்துக்கிச்சு. இது வெறும் லவங்கத் தண்ணி சார், பாருங்க."

அவர் பார்த்தார். நிஜமாகவே கவனித்துத்தான் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கேசியாவுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

"பாரும்மா," என்றார் மெதுவாக. "லவங்கம் எங்கேர்ந்து வருது? மார்க்கெட்லேர்ந்து. மூட்டை மேல எத்தன பேரு கை பட்டிருக்கும், எத்தன பேரு தும்மியிருப்பான். லவங்கத்துல வைரஸ் இருக்குதுன்னு நம்ம மிஷின் கண்டுபுடிச்சிருக்குது. நீ பயப்படற. நான் இதுல அடுத்த பேப்பரப் பாக்கறேன்."

"கொதிக்க வச்சதுலயும் வருது சார்."

"அப்போ சூட்டத் தாங்கற வைரஸு. இன்னும் டேஞ்சர்."

"பிசிஆர்ல ஒரு தடவ பாத்துடலாமே சார்."

"சொந்த மிஷின் இருக்கறப்போ அடுத்தவன் மிஷின நம்பறது ஒரு டைரக்டர் செய்யற காரியமா?" அவர் அவளையே பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. "உன் தம்பி அந்தக் கம்பெனியிலதானே இருக்கான்?"

"ஆமா சார்."

"ரெண்டு சிவப்பு ஆயிடுச்சு இல்ல?"

"ஆமா."

"அதானே பாத்தேன்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "தம்பிக்காக நாலு வருஷ உழைப்ப லவங்கம் ஆக்கிட்டே. தப்பில்லம்மா, பாசம். ஆனா சயின்ஸுல பாசம் கூடாது."

படங்கள் மூன்றையும் தன் டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மாடிப்படியில் இறங்கும்போது கேசியாவுக்கே தன்மேல் சந்தேகமாக இருந்தது. தம்பி பெயர் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருந்திருந்தால் தான் இவ்வளவு தோண்டியிருப்போமா என்று நினைத்தாள். தோண்டியிருக்க மாட்டோம் என்றுதான் தோன்றியது. அதற்காக லவங்கம் வைரஸ் ஆகிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். சாந்தகுமார் நம்பவில்லை.

"நானு அம்பது வருஷமா லவங்கத்தக் கடிச்சிக்கினுதான் சர்ச்சு கோயர்ல பாடறேன். ஒரு மிஷினும் என்னைப் புடிச்சதில்லயே."

"உங்களை யாரு நைனா மிஷின்ல வச்சாங்க?"

ஸ்டான்லி சிரித்தான். அவன் குரல் கரகரத்தது. அன்று காலை இரண்டு ஆராதனையிலும் பாடியிருந்தான். "அப்போ நாளைக்கு லவங்கம் போடாம போனா பச்சையா? சத்தியமா?"

"சத்தியமா. ஒரு கவர் எடுத்துட்டுப் போ. வாந்தி வந்தா அதுல எடு. செத்தாலும் லவங்கத்த வாயில வைக்காதே."

மறுநாள் அவன் பாகாலா தாண்டி ஒரு முறையும் சந்திரகிரியில் ஒரு முறையும் கவரைப் பயன்படுத்தினான். எட்டு ஐம்பதுக்குக் கேசியாவின் திரையில் அவன் எண் வந்தது. நாற்பது விநாடி அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோடு ஏரித் தண்ணீர் மாதிரி சமமாகக் கிடந்தது. பச்சை.

பத்தரை மணிக்கு டீ இடைவேளையில் அவன் போன் பண்ணினான்.

"க்கா, பச்ச."

"பாத்தேன். வாய்ஸ் ஏன் இப்படி இருக்கு?"

"ஒடம்பு கொளுத்துதுக்கா. பஸ்ல வாந்தின்னுதான் நெனச்சேன். இங்க வந்தப்பறம் கை காலெல்லாம் ஒடையிது." இருமினான். அந்த இருமல் பாட்டுப் பாடிய தொண்டையின் இருமல் அல்ல, நெஞ்சுக்கடியிலிருந்து வந்தது. "பக்கத்து டேபிள்ல கௌசிகாக்கான்னு ஒருத்தவங்க, ஏழு மாசம். அவங்கதான் நெத்தில தைலம் தேச்சி விட்டாங்க."

"ஏழு மாசம்னா?"

"வயித்துலக்கா. நீ யார்கிட்டயும் சொல்லாதே. அஞ்சு மணி வரைக்கும் நின்னுட்டா லெட்டர் வந்துரும்."

போனை வைத்த பிறகு கேசியா வெகுநேரம் வெள்ளித் துண்டுகள் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய ஏசி ஹாலில் நானூறு பேர். ஒரே மிஷின் அவள் தம்பியை நன்றாக இருந்த இரண்டு நாளும் வெளியே தள்ளிவிட்டு, நோயோடு வந்த நாளில் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்திருக்கிறது. இதைச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். சொன்னால் தம்பிக்குக் கடிதம் இல்லை. பதினோரு மணிக்குக் கம்பெனி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். பயிற்சிக்காரர்களுக்குப் பொறுப்பான அதிகாரி வேங்கடாசலம் எடுத்தார்.

"சார், திருப்பதி லேப்லேர்ந்து கேசியா பேசறேன்."

"சொல்லுங்க மேடம். மிஷின் சூப்பரா ஓடிக்கினு இருக்குது."

"ட்ரெயினி ஸ்டான்லிக்கு நல்ல ஜுரம். ஃப்ளூவா இருக்கும். அவனை வரிசையிலேர்ந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க சார். பக்கத்துல மாசமா இருக்கறவங்க இருக்காங்க. லெட்டர மட்டும் நிறுத்தாதீங்க, அவன் மேல தப்பு இல்ல."

எதிர்முனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "பச்சன்னு இருக்குதே மேடம்."

"அந்தப் பச்ச தப்பு சார்."

"அப்போ அதுக்கு முன்ன வந்த சிவப்பு ரெண்டு?"

"அதுவும் தப்பு."

"சிவப்பும் தப்பு, பச்சையும் தப்புன்னா நாங்க கேட்ல எதுக்கு மேடம் நின்னுகினு இருக்கோம்?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

வேங்கடாசலம் கொஞ்சம் யோசித்தார். "உங்க டைரக்டர் தொண்ணூத்தெட்டு பர்சன்ட்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. நீங்க போன்ல வாயால சொல்றீங்க. எழுதிக் குடுங்களேன்."

"ஆதாரம் அவர் டிராயர்ல இருக்கு சார். பூட்டிட்டார்."

"சரி. அந்தப் பையனுக்கு ஜுரம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"அவனே. நான் அவன் அக்கா."

"கூடப் பொறந்தவங்களா?"

"ஆமா."

"ஓ," என்றார் வேங்கடாசலம். அந்த 'ஓ' வரதய்யபாளையத்தில் ஆரம்பித்துச் சித்தூர் வரை நீண்டது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "சித்தூர்ல சொந்த வீடுங்களா மேடம்?"

"ஆமா. ஏன்?"

"யாரு பேர்ல இருக்குது?"

கேசியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்து பதில் சொல்ல அவர் இடம் கொடுக்கவில்லை. அவரே தொடர்ந்தார்.

"நானு நாலு அக்கா தங்கச்சியோட பொறந்தவன் மேடம். எல்லாம் தெரியும். சொத்துல தகராறுன்னா பெரியவங்கள வச்சுப் பேசித் தீத்துக்கங்க. தம்பி பொழப்புல மண்ணப் போட லேப் பேரச் சொல்லி போன் பண்ணாதீங்க. பாவம், சிவப்பு ரெண்டு வாங்கிக்கினு, பயந்துகினே வேலைக்கு வர்ற பையன். அந்த லெட்டர நானே என் கையால அவனுக்குக் குடுக்கறேன், பாத்துக்கங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஐந்தே காலுக்குக் கேசியாவின் போனுக்கு ஸ்டான்லியிடமிருந்து ஒரு படம் வந்தது. பத்தொன்பது பயிற்சிக்காரர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஸ்டான்லி, கண் இரண்டும் சிவந்து, கையில் கடிதம். வேங்கடாசலம் ஒரு கையை அவன் தோளைச் சுற்றிப் போட்டு, முகத்தோடு முகம் ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு பெண், வாய்கொள்ளாத சிரிப்போடு.

படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. "ஆபீசுக்குப் போன் பண்ணது நீதானா?"

கேசியா எழுதினாள். "ஆமா. கௌசிகாக்காவை இன்னிக்கே டாக்டர் கிட்ட போகச் சொல்லு."

அவள் செய்தியின் ஓரத்தில் இரண்டு டிக் கோடுகளும் நீலமாயின. பதில் வரவில்லை.